பிக்கப்பில் அக்சில் பூட் திரும்பத் திரும்பக் கிழிந்தால்

பூட் (அக்சில் ஜொயின்டை மூடும் மடிப்பு றப்பர் உறை) மாற்றி ஒரு மாரி தாண்டுவதற்குள் மறுபடி கிழிகிறதென்றால், அடுத்த பூட் வாங்க ஓடாமல் முதலில் கிழிந்த இடத்தைப் பாருங்கள். மடிப்பைச் சுற்றி வட்டமாகத் தேய்ந்து வெடித்திருந்தால் அக்சிலின் சரிவுதான் காரணம். குளக்கட்டுக்கும் வயல் பாதைக்கும் தோதாக இருக்கட்டும் என்று டோர்ஷன் பாரை (முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பியை) அதன் போல்ட்டால் இறுக்கி முன்பக்கத்தை உயர்த்திய பழைய ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளில் இது சகஜம். சரிவு கூடக்கூட மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே சுற்றும். அந்த போல்ட்டைத் தளர்த்தி உயரத்தைக் குறையுங்கள், அப்புறம் அலைன்மென்ட்டும் பாருங்கள். உயரம் கட்டாயம் வேண்டுமென்றால் முன் டிஃப்பை (இரு அக்சில்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை) கீழிறக்கும் ஸ்பேசர் போட வேண்டும்.

நேர்க் கீறலா? அது முட்கம்பி அல்லது காட்டுக்கட்டையின் வேலை.

அக்சிலைக் கழற்றாமல் ஒட்டிப் போடும் பூட் நெடுங்கேணிப் பக்கத்துக் கிறவல் றோட்டுக்குத் தாங்காது, தயவுசெய்து வேண்டாம். கழற்றி, மணல் கலந்த பழைய கிறீஸை முழுக்கக் கழுவி, உருளைகள் ஓடும் தடத்தில் விரலால் தடவிப் பாருங்கள், குழி தட்டினால் ஜொயின்டே போய்விட்டது, புதுப் பூட் வீண். தடம் வழுவழுப்பாக இருந்தால் மொலிப்டினம் கலந்த சிவி கிறீஸ் (இந்த ஜொயின்டுக்கென்றே வரும் கிறீஸ்) போடுங்கள். சின்ன வாயின் கிளாம்பை இறுக்குமுன் திருப்புளியை நுழைத்துக் காற்றை வெளியேற்றுங்கள், பூட் உப்பியோ ஒட்டியோ நிற்கக்கூடாது. கேபிள் டை கட்டவே கட்டாதீர்கள்.

முன் சில்லில் கையால் திருப்பும் ஹப் (அக்சிலைச் சில்லோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவுவது) இருந்தால் ஏ9 வீதியில் ஓடும்போது ஃப்ரீயில் வையுங்கள், அக்சில் சும்மா சுற்றாது.