யாழ்ப்பாணத்துச் சேற்றில் பழைய காலநிலையைப் படிப்பது எப்படி?

கடனீரேரிக் கரையில் ஒரு குழாயை இறக்கி எடுத்தால், சில ஆயிரம் ஆண்டுகளின் கடலும் மழையும் வெயிலும் அதற்குள் அடுக்கடுக்காக இருக்கும். அதை வாசிக்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அரைவாசி வேலையை வீட்டு முற்றத்திலேயே முடிக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் மற்ற ஊர்க்காரரைவிட நாங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் குடாநாடு மயோசின் என்ற மிகப் பழைய புவிக்காலத்துச் சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. அந்தச் சுண்ணாம்பு கிணற்று நீரிலும் வரும், நத்தை ஓட்டிலும் வரும், கடைசியில் காலக்கணிப்பிலும் வந்து நிற்கும். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இடமும் காலமும்

ஆவணி, புரட்டாசி நல்லது. சோளகம் என்ற தென்மேல் காற்று ஓய்ந்து, வெளிகள் காய்ந்து வெடித்துக் கிடக்கும். மாரி தொடங்கிவிட்டால் கரைக்கே போக முடியாது. தொண்டைமானாற்றுக் கடனீரேரியின் ஓரமோ உப்பாற்றுக் கரையோ போதும். மணற்காட்டு மணற்குன்றுகளுக்கும் சொல்ல நிறையக் கதை உண்டு, ஆனால் முதல் முறை செய்பவருக்குச் சேறுதான் சரி.

காணிக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா, அங்கே அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்ணும் எடுக்கக் கூடாது. முகமாலை, எங்கள் குடாநாட்டு நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள், கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணி என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் கால் வைக்கவே வேண்டாம்.

குழாய் இறக்குதல்

2 அங்குல எஸ்லோன் (பி.வி.சி.) பைப், 1 மீற்றர் நீளம். ஒரு முனையை வெளிப்பக்கமாக அரத்தால் சரித்துக் கூராக்குங்கள். மேலே பலகைத் துண்டு வைத்துச் சுத்தியலால் இறக்குங்கள். திருகித் துளைக்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். அது அடுக்குகளைக் கலக்கிவிடும், எங்களுக்கு வேண்டியதே அடுக்குத்தான்.

இறக்கிய பிறகு, இழுப்பதற்கு முன், குழாய்க்கு உள்ளே சேறு எந்த மட்டத்தில் நிற்கிறது, வெளியே நிலம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று இரண்டையும் அளந்து எழுதுங்கள். உள்ளே சேறு அமுங்கித் தாழ்ந்திருக்கும். 80 சென்ரிமீற்றர் இறங்கிய குழாயில் 64 சென்ரிமீற்றர் சேறுதான் இருந்தால், குழாயில் 10 சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் ஏறத்தாழ 12.5. அப்புறம் குழாயின் மேல் வாய் வரை தண்ணீர் விட்டு, மூடியால் இறுக்கி, சுழற்றி இழுங்கள். மூடாமல் இழுத்தால் அடிச்சேறு நிலத்திலேயே தங்கிவிடும். மேல், கீழ் எது என்று அம்புக்குறி போட மறக்க வேண்டாம்.

வீட்டில் குழாயின் இரண்டு பக்கத்தையும் நீளவாக்கில் வாளால் அறுத்து, நடுவால் தங்கூசியை (நைலோன் தூண்டில் நூலை) இழுத்தால் சேறு இரண்டு பாதியாகப் பிரியும். முகத்தைச் சத்தகத்தால் (சிறு கத்தியால்) குறுக்குவாட்டில் சுரண்டுங்கள். நீளவாக்கில் சுரண்டினால் ஓர் அடுக்கின் சேறு அடுத்த அடுக்கில் பூசுப்படும். உடனே படம் எடுங்கள், நிறத்தையும் எழுதுங்கள். கூழ்முட்டை மணம் வீசும் கருஞ்சேறு காற்றுப் பட்டதும் நிறம் மாறத் தொடங்கும்.

போத்தல் சோதனை: எல்லாரும் மாட்டுப்படும் இடம்

ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பிடி எடுத்து, கண்ணாடிப் போத்தலில் நீர் விட்டுக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கும். மண்டி எனப்படும் இடைத்தரத் துகள் இரண்டு மணி நேரத்துக்குள் படியும். களி நாட்கணக்கில் கலங்கி நிற்கும். மணல் கூடினால் அங்கே நீர் ஓடியது, அல்லது அலை அடித்தது. களி கூடினால் அசையாத நீர். கோட்பாடு இவ்வளவுதான்.

ஆனால் எங்கள் சேற்றைக் கிணற்று நீரில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே நீர் தெளிந்துவிடும். களியே இல்லாத மண் என்று தோன்றும். விரலில் தேய்த்தால் வழுவழு என்று களியாகத்தான் இருக்கும். எனக்கு வேலை நின்ற இடம் இதுதான், இதைத் தீர்க்கத்தான் நாள் எடுத்தது.

களித்துகளின் மேற்பரப்பில் மறை (எதிர்) மின்னேற்றம் உண்டு. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். நீரில் உப்பு இருந்தால் அந்தத் தள்ளுதல் அடங்கி, துகள்கள் கட்டியாகச் சேர்ந்து மண்டியைப் போல விழுந்துவிடும். கடனீரேரிச் சேற்றில் உப்பு இருக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் உப்பைக் கழுவ நாங்கள் எடுக்கும் கிணற்று நீரிலேயே கல்சியம் நிறைய இருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு. கல்சியம் சோடியத்தைவிட வலுவாகக் களியைக் கட்டும். ஆகவே கிணற்று நீரில் எத்தனை முறை கழுவினாலும் பயன் இல்லை.

தீர்வு: மழைநீர், அல்லது மோட்டார் சைக்கிள் கடையில் விற்கும் பற்றரித் தண்ணீர். அமிலம் கலக்காத வெறும் நீராகப் பார்த்து வாங்குங்கள். சேற்றில் நீர் விட்டுக் குலுக்கி, தெளிந்த நீரை மெதுவாக வடித்து ஊற்றி, புதிது விடுங்கள். திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒரு கட்டத்தில் நீர் தெளிய மறுக்கும். போத்தலின் மேற்பகுதி வரை தேயிலைச் சாயம் போலக் கலங்கியே நிற்கும். உப்புப் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், அங்கே நிறுத்துங்கள்.

பிறகு 1 லீற்றருக்கு 5 கிராம் சோடியம் எக்சாமெற்றாபொஸ்பேற் (களித்துகள்களைப் பிரித்து வைக்கும் உப்பு) போட்டு, நன்றாகக் குலுக்கி, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் திரும்பக் குலுக்கி நேரம் பாருங்கள். இரசாயனப் பொருள் விற்கும் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கிடைக்காவிட்டால் சலவைச் சோடாவும் வேலை செய்யும், அது கல்சியத்தைப் படியவைத்து விலக்கும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், நுரையில் கோடு தெரியாது. ஒரு நிமிடத்தில் ஒரு கோடு, இரண்டு மணி நேரத்தில் ஒரு கோடு என்று போத்தலில் பேனையால் அடையாளம் வையுங்கள்.

எங்கள் மணலில் பாதி உடைந்த சிப்பியாக இருக்கும். ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து வினாகிரி விட்டுப் பாருங்கள். பொங்கிக் கரைவது சுண்ணாம்பு, மிஞ்சுவது பெரும்பாலும் குவாட்ஸ் என்ற கடினமான கனிமம். அந்த வினாகிரி அடுத்த படிக்கு வைத்திருக்கும் பங்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது.

ஓடுகள்

மிச்சச் சேற்றைச் சலவைச் சோடா நீரில் ஊறவைத்து, முதலில் அரிதட்டிலும் பிறகு மிக நுண்ணிய நைலோன் துணியிலும் கழுவிக் காயவையுங்கள். கறுப்புக் கடதாசியில் பரப்பிப் பாருங்கள்.

பெரிய ஓடுகளில், இரண்டு மூடியும் சேர்ந்தபடி இருக்கும் மட்டி அந்த இடத்திலேயே வாழ்ந்து இறந்தது. தேய்ந்து உடைந்து கலந்து கிடப்பவை அலை கொண்டுவந்தவை. ஊரி என்ற உவர்நீர் நத்தை சேற்றுத்திட்டின் அடையாளம், குளத்து நத்தை நன்னீரின் அடையாளம்.

சிறிய ஓடுகள்தான் பொக்கிஷம். பொராமினிபெரா என்ற ஒருகல உயிர்களின் ஓடுகள், பெரும்பாலும் அரை மில்லிமீற்றரிலும் சிறியவை, சுருள் சுருளாக வெள்ளையாகத் தெரியும். ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். இதற்கு 1,000 மடங்கு பெருக்கும் விளையாட்டு நுணுக்குக்காட்டி வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். 20 மடங்கு பெருக்கும், இரண்டு கண்ணாலும் பார்க்கக்கூடிய பழைய கருவி ஒன்று கிடைத்தால் அதுவே போதும்.

இனங்களை அடையாளம் காணத் தெரியாவிட்டாலும், எத்தனை வகை என்று எண்ணுங்கள். ஒரே வகை கூட்டம் கூட்டமாக இருந்தால் உவர்ப்பு ஏறி இறங்கும் நெருக்கடியான நீர். பல வகை கலந்திருந்தால் திறந்த கடல் எட்டிய நீர். இந்த எண்ணிக்கை இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், ஏனென்றால் உவர்ப்பு இரண்டு வழியில் வரும்: கடல் ஏறினாலும் வரும், மழை பொய்த்து நீர் வற்றினாலும் வரும். ஒரே வகை ஓடுகளோடு நீர் வற்றும்போது உருவாகும் பளபளக்கும் ஜிப்சம் படிகங்களும் இருந்தால் வறட்சிப் பக்கம் சாயலாம். பல வகையும் மணலும் சேர்ந்திருந்தால் கடல் பக்கம்.

சேர்த்து வாசித்தல்

என் குழாயில் அடியில் செம்மண், சிறு சுண்ணக் கட்டிகளோடு. அதன்மேல் கரிய சேறும் நத்தை ஓடும். அதற்கும் மேல் சாம்பல் நிறச் சேறு, ஊரியும் மட்டியும். நடுவே விரல் தடிப்பில் சிப்பி மணல், அதன் அடிக்கோடு கத்தியால் வெட்டியது போல் நேராக. காய்ந்த தரை, பிறகு சதுப்பு, பிறகு கடனீரேரி என்று வாசிக்கிறேன். அந்த மணல் ஏதோ ஒரு புயலோ ஆழிப்பேரலையோ அள்ளிக் கொட்டியது. எது என்பதை அடுக்கை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. 1964 புயலும் 2004 ஆழிப்பேரலையும் இதே கரைகளில்தான் மணலை ஏற்றின.

இந்த வரிசைக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைய மட்டத்திலும் சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் ஆழம் குறைந்தது. ஆகவே அன்று இங்கிருந்து தமிழ்நாட்டுக்கு நடந்தே போகலாம், நடந்தும் இருப்பார்கள். கடல் இன்றைய மட்டத்தை நெருங்கியது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்தான். எனவே கடனீரேரிச் சேறு அதைவிடப் பெரிதும் பழையதாக இருக்காது. அதன் அடியில் உள்ள செம்மண்தான் ஆதி மனிதர் நடந்த தரையாக இருக்கலாம். கிளிநொச்சிப் பக்கத்து இரணைமடுவின் பெயரையே கொண்ட செம்மண், சரளைப் படிவில் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. அதே படிவை இலங்கையின் தென்கரையில் பூந்தல பக்கம் தோண்டிய தொல்லியலாளர் சிரான் தெரணியகல, அங்கே மனிதர் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முன் இருந்ததாகக் கணித்தார்.

ஆகவே செம்மண் மட்டத்தில் கூரான குவாட்ஸ் சில்லு, கரி, எலும்பு, மட்பாண்ட ஓடு எதைக் கண்டாலும் கையை எடுங்கள். படம் எடுத்து, ஆழத்தைக் குறித்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அனுமதியில்லாமல் தொல்பொருளுக்காகத் தோண்டுவது 1940-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி குற்றம். அதைவிட, இடம் கலைந்த கருவி தன் காலநிலையைச் சொல்லும் திறனை இழந்துவிடும்.

பிற்சேர்க்கை

நத்தை ஓட்டைக் காபன்-14 கணிப்புக்கு, அதாவது எஞ்சியிருக்கும் கதிரியக்கக் காபனை அளந்து வயது சொல்லும் சோதனைக்கு, அனுப்பலாமா என்று உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் ஊரில் வேண்டாம். காபன்-14 இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதையும் காலம், 5,730 ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டு பழைய சுண்ணக்கல்லில் அது துளியும் மிஞ்சவில்லை. அந்தக் கல் கரைந்த நீரில் வளரும் நத்தை, செத்த காபனைத் தன் ஓட்டில் சேர்த்துக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கு அப்படி வந்தாலே, கணிப்பு 800 ஆண்டுக்கும் மேல் கூட்டிக் காட்டும். கடற்சிப்பியிலும் இதுபோலச் சில நூறு ஆண்டு பிழை உண்டு, அதைத் திருத்த வழி இருக்கிறது. கரித்துண்டோ தரைத்தாவர விதையோ கிடைத்தால் அதையே அனுப்புங்கள். வெறுங்கையால் தொடாமல் சாமணத்தால் எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, எந்த ஆழம் என்று வெளியே எழுதிவிடுங்கள். பஞ்சிலோ கடதாசியிலோ சுற்ற வேண்டாம், அவற்றின் நாரிலும் காபன் இருக்கிறது.