போஸ்ட்கிரெஸ் நகலாக்கம்: இரண்டு சர்வரிலும் லாக் கோப்புகளை ஒழுங்கு செய்வது எப்படி?

ஒயிட்ஃபீல்டில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒரு மாலை முழுவதும் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருந்தார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நகல் சர்வர், அது பிரதி எடுக்கும் முதன்மை சர்வருடன் இணைய மறுத்தது. நகலின் லாகில், அதாவது சர்வர் தன் நடப்புகளை எழுதிவைக்கும் கோப்பில், ஒரே வரி: கடவுச்சொல் சரிபார்ப்பு தோல்வி. மூன்றாம் முறைக்குப் பின் "அண்ணா, கொஞ்சம் பாருங்கள்" என்றார். முதன்மை சர்வரின் லாகைத் திறந்தேன். அதே வரிக்குக் கீழே 'டீடெய்ல்' என்று இன்னொரு வரி இருந்தது: அப்படி ஒரு பயனரே இல்லை. பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

இந்த விவரத்தை போஸ்ட்கிரெஸ் வேண்டுமென்றேதான் எதிர்முனைக்குச் சொல்வதில்லை. கதவைத் தட்டுகிறவன் திருடனாகவும் இருக்கலாம் அல்லவா? ஆகவே கீழே உள்ளவற்றை இரண்டு சர்வர்களிலும் செய்யுங்கள். அமைப்புகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில் இட வேண்டும்.

படி 1: இடம். போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃப் கோப்பில் லாகிங்_கலெக்டர் என்பதை ஆன் ஆக்குங்கள். இதற்கு மட்டும் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும். மற்றவற்றுக்கு ரீலோட் போதும். லாக்_டைரக்டரி இயல்பாக டேட்டா கோப்புறைக்கு உள்ளேயே இருக்கும். அதை வேறு டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள். லாக் நிரம்பினால் லாக் மட்டும் நிற்கட்டும், தரவுத்தளம் நிற்க வேண்டாம்.

படி 2: எத்தனை நாள். லாக்_ஃபைல்நேமில் தேதிக்குப் பதில் கிழமைப் பெயர் வருமாறு வையுங்கள். சதவீதக் குறியும் அடுத்து சின்ன 'ஏ' எழுத்தும் அதைச் செய்யும். லாக்_ரொடேஷன்_ஏஜ் 1440 நிமிடம், லாக்_ட்ரங்கேட்_ஆன்_ரொடேஷன் ஆன். அடுத்த திங்கள் இந்தத் திங்களின் கோப்பை அழித்து எழுதும். ஏழு கோப்புகளுக்கு மேல் சேராது. லாக்_ரொடேஷன்_சைஸை 0 ஆக்க மறக்காதீர்கள்.

படி 3: நிலை. எந்த நிலையிலிருந்து மேலுள்ள செய்திகளை லாகில் எழுத வேண்டும் என்று சொல்லும் லாக்_மின்_மெசேஜஸ் இயல்பில் வார்னிங். அப்படியே விடுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு: 'லாக்' என்ற நிலை, வரிசையில் 'எரர்' நிலைக்கு மேலே நிற்கிறது. சத்தத்தைக் குறைக்கிறேன் என்று ஃபேட்டலுக்குப் போனால் எரர் வரிகளும் போய்விடும், நகல் எப்போது இணைந்தது என்ற செய்தியும் போய்விடும். எதிர்த்திசையில் டீபக்1 முதல் டீபக்5 வரை இருக்கின்றன. ஒரு வெள்ளிக்கிழமை மடிவாளாவில் பஸ் பிடிக்கும் அவசரத்தில் நான் டீபக்5-ஐ அணைக்காமல் போய்விட்டேன். சேலத்தில் இறங்குவதற்குள் டிஸ்க் நிரம்பியிருந்தது. படி 1-இல் டிஸ்கை மாற்றச் சொன்னது அந்த இரவு கற்றது.

கூட்ட வேண்டியது வேறு ஒன்று: லாக்_ரெப்ளிகேஷன்_கமாண்ட்ஸ். ஆன் செய்தால் நகலிடமிருந்து வரும் ஒவ்வொரு நகலாக்கக் கட்டளையும் முதன்மையில் பதிவாகும்.

படி 4: நேரம். லாக்_டைம்சோன் இரண்டிலும் ஏசியா/கொல்கத்தா. மும்பையிலுள்ள முதன்மை ஜிஎம்டியில் 20:40 என்றும், பெங்களூரு நகல் 2:10 என்றும் எழுதினால், இரண்டும் ஒரே நிமிடம் என்று தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் தோன்றாது.

இனி இரண்டு லாகுகளையும் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் ஓடவிட்டு நகலைத் தொடங்குங்கள். நகலில் 'ஸ்டார்ட்டட் ஸ்ட்ரீமிங் வால்' என்று வந்தால் இணைந்துவிட்டது. வால் (WAL) என்பது தரவில் நடக்கும் மாற்றங்களின் பதிவு; நகல் பெறுவது அதைத்தான். கேட்ட வால் துண்டு ஏற்கெனவே அகற்றப்பட்டது என்று வந்தால், ஆர்க்கைவில் (பழைய வால் துண்டுகளைச் சேமித்துவைக்கும் இடம்) அந்தத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நகலை முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.