சில தளங்கள் மட்டும் திறக்கவில்லையா? ரூட்டரில் எம்டியூ அளவைத் திருத்தும் முறை

ஐப்பசி மழையில் ஒரு மாலை விழுந்த இடியில் தக்கலையிலுள்ள எங்கள் வீட்டு ரூட்டர் கருகிப்போனதால், புதியதொன்றை வாங்கிப் பொருத்தினேன். யூடியூப் தடையின்றி ஓடியது. ஆனால் அம்மா ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கும் வங்கிப் பக்கம் வெள்ளைத் திரையாகவே நின்றது. "மக்களே, செல்லுல வருதே, கம்ப்யூட்டர்ல மட்டும் ஏன் வரல்ல?" என்று அம்மா கேட்டதுதான் முதல் துப்பு. மொபைல் டேட்டாவில் திறக்கும் பக்கம் வீட்டு இணைப்பில் திறக்கவில்லையென்றால், கோளாறு பெரும்பாலும் நம் பக்கத்தில்தான் இருக்கும்.

தளத்தின் முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்று பிரவுசர் சொன்னால், ரூட்டரின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) கட்டங்களில் 1.1.1.1, 8.8.8.8 ஆகிய பொதுச் சேவை எண்களை இட்டுப் பாருங்கள். எதுவும் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டில் (தரவுப் பொதியில்) அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவைப் பாருங்கள். இந்த வேறுபாடு தெரியாமல் நான் இரண்டு நாள் டிஎன்எஸ் எண்களையே மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஈதர்நெட் எனும் கேபிள் வலையமைப்பில் ஒரு பாக்கெட் வழக்கமாக 1500 பைட் வரை சுமக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ முறை அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் மீதி 1492. என் புதிய ரூட்டரிலோ 1500 என்றிருந்தது. சிறிய பாக்கெட்டுகள் போய்வந்தன. தளம் அனுப்பும் பாதுகாப்புச் சான்றிதழ் போன்ற பெரியவை வழியில் கைவிடப்பட்டன. அளவைக் குறைத்து அனுப்பச் சொல்லும் ஐசிஎம்பி அறிவிப்பை ஃபயர்வாலில் தடுத்துவைத்திருக்கும் தளங்கள், அதே அளவில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். சில தளங்கள் மட்டும் திறக்காததற்குக் காரணம் இதுதான்.

முதலில் கணினியை லேன் கேபிளால் ரூட்டரோடு இணையுங்கள். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில், 'பிங் 1.1.1.1 -எஃப் -எல் 1472' என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் (ping 1.1.1.1 -f -l 1472) தட்டச்சு செய்யுங்கள். பாக்கெட்டைத் துண்டாக்க வேண்டும் என்ற செய்தி வந்தாலும், பதிலே வராமல் நேரம் கடந்தாலும் தோல்விதான். அடுத்து 1464 இட்டுப் பாருங்கள். பதில் வந்தால், பாக்கெட்டின் தொடக்கத்தில் முகவரி முதலிய விவரங்களைத் தாங்கும் தலைப்புகளுக்கான 28 பைட்டைக் கூட்ட 1492 கிடைக்கும். இந்த 28-ஐக் கூட்ட மறந்து 1464-ஐயே ரூட்டரில் இட்டுவிடாதீர்கள்.

பிறகு பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 முகவரிக்குச் செல்லுங்கள். ரூட்டர் நிறுவனங்களின் மொபைல் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பலவற்றில் எம்டியூ கட்டமே கண்ணில் படாது. வான் (WAN, வெளி இணைய இணைப்பு) அமைப்பின் மேம்பட்ட பகுதியில் 1500-ஐ 1492 ஆக்கிச் சேமித்து, ரூட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள். மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். பயனர் பெயர் அழிந்துவிட்டால் இணைப்பே போய்விடும்.

பின்சேர்க்கை: 1492 என மாற்றியும் பயனில்லை என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் எழுதினார். அவர் வீட்டில் இரண்டு பெட்டிகள். பிபிபிஓஇ இணைப்பை உருவாக்குவது ஃபைபர் பெட்டி, அவர் திருத்தியதோ மாடியிலிருந்த வைஃபை ரூட்டர். கடவுச்சொல் எந்தப் பெட்டியில் பதிவாகியிருக்கிறதோ அதில்தான் எண்ணை மாற்ற வேண்டும்.