கிடைக்காமல் போன ஸ்டார்ஃபைட்டர்: 1/72 அளவில் ஒரு கற்பனை இந்தியப் போர் விமானம் செய்யும் முறை

1960-களின் தொடக்கத்தில் இந்தியா அமெரிக்காவிடம் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் கேட்டது. பாகிஸ்தானுக்குக் கொடுத்த அமெரிக்கா நமக்குக் கொடுக்கவில்லை. 1962-ல் சோவியத் மிக்-21 முடிவானது. அன்று அமெரிக்கா சரி என்று சொல்லியிருந்தால் 1971 டிசம்பரில் நம் எஃப்-104 எப்படி இருந்திருக்கும்? அதைத்தான் இங்கே செய்யப் போகிறோம்.

கற்பனை மாடலில் ஒரே ஒரு பொய்க்குத்தான் இடம். விமானம் வந்தது பொய். மற்ற எல்லாமே அந்த ஆண்டுக்குப் பொருந்த வேண்டும். அதனால் பசையைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு, ஏன் இந்த நிறம். படைப்பிரிவுக்கு 28-ஐ எடுக்கலாம். 1963-ல் சண்டிகரில் மிக்-21-க்காகத் தொடங்கிய அந்தப் பிரிவின் பெயர் ‘ஃபர்ஸ்ட் சூப்பர்சானிக்ஸ்’. எஃப்-104-ம் ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறந்ததுதான், பெயரைக்கூட மாற்ற வேண்டாம்.

நிறத்துக்கும் காரணம் இருக்கிறது. 1971 போரின்போது மிக்-21-களுக்கு அவசர அவசரமாகப் பச்சை, பழுப்பு பூசினார்கள். தூரிகையால் பூசும் புதியவருக்கு இது வசதி. வெள்ளி நிற உலோகப் பூச்சு வேண்டாம். அதில் ஒவ்வொரு கீறலும் பல்லிளிக்கும். எதிர்ப்பக்கமும் ஸ்டார்ஃபைட்டர் ஓட்டுகிறதே, தரையிலிருந்து சுடுபவர் எதை வைத்து அடையாளம் காண்பார்? 1944-ல் நார்மண்டியில் நேச நாட்டு விமானங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் போட்டது இதே சிக்கலுக்குத்தான். நம் விமானத்தின் பின்னுடலில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் போதும்.

வாங்க வேண்டியவை

1/72 அளவு (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) எஃப்-104ஜி மாடல் பெட்டி ஒன்று. முடிந்ததும் நீளம் சுமார் 23 செ.மீ., இறக்கை 9 செ.மீ. சொச்சம். ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்ட, மின்னணு வேலைக்கான சிறு ஃப்ளஷ் கட்டர், கூர்முனை ட்வீசர் இரண்டையும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவிடலாம். 400, 800, 1200 எண் வாட்டர் பேப்பர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பிளாஸ்டிக் மாடலுக்கான நீர்த்த சிமென்ட், ஃபெவிகால், சாம்பல் ப்ரைமர், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் நிறங்கள், 6 மி.மீ. மாஸ்கிங் டேப், பளபள வார்னிஷ், மேட் வார்னிஷ். டெக்கால் தாளில் (அச்சிட்டு, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படத்தாள்) வெள்ளை ஒன்று, தெளிவானது ஒன்று.

ஒட்டுதல்

பாகங்களை ஸ்ப்ரூவோடே பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவிக் காய வையுங்கள். அச்சு எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் உரிந்துவரும். உடலின் இரு பாதிகளை டேப்பால் சேர்த்து, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் விரலில் தாங்கிப் பாருங்கள். வால் பக்கம் சாய்ந்தால் மூக்குக்குள் ஈயத் துண்டு வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

எஃப்-104-ன் உயிர் அதன் இறக்கையில் இருக்கிறது. கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரி கீழே சாய்ந்திருக்கும். ஒரு அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டி, பசை காயும்வரை இறக்கைக்கு முட்டுக் கொடுங்கள். கண்ணளவை நம்பினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். நிஜ விமானத்தில் இறக்கையின் முன்விளிம்பு கையை வெட்டும் அளவுக்குக் கூர்மை என்பதால் தரையில் நிற்கும்போது உறை போட்டு வைத்தார்கள். பெட்டியில் வரும் தடித்த விளிம்பை 800 தாளால் தேய்த்து மெலிதாக்குங்கள்.

இடுக்குகளுக்கு மாடல் புட்டி. காருக்குப் பார்க்கும் பட்டி இந்த அளவுக்குக் கரடு. கண்ணாடிக் கூண்டை ஃபெவிக்விக்கால் ஒட்டவே கூடாது: அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். அதற்கு ஃபெவிகால். ஒட்டிக் காய்ந்ததும் கண்ணாடியை டேப்பால் மூடிவிடுங்கள்.

நிறம்

ப்ரைமருக்குப் பிறகு முதலில் வெள்ளை. பட்டைகள் வரும் இடத்தில் பூசி, காய்ந்ததும் 6 மி.மீ. டேப்பால் மூடிவிடுங்கள். 1/72-ல் 1 மி.மீ. என்றால் நிஜத்தில் 7.2 செ.மீ.; பட்டை 43 செ.மீ. வருகிறது, போதுமானது. பச்சைக்கு மேல் வெள்ளை பூசப் போனால் எத்தனை கோட் போட்டாலும் பச்சை எட்டிப்பார்க்கும்.

பிறகு அடியில் வெளிர் சாம்பல், மேலே பழுப்பு, அதன்மேல் பச்சைத் திட்டுகள். ஒவ்வொன்றும் மூன்று மெல்லிய கோட், இடையே அரை மணி நேரம். சென்னை வெயிலில் பெயின்ட் தூரிகையிலேயே காய்ந்து இழுபடும். மின்விசிறியை நிறுத்துங்கள், பெயின்ட் காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் ஒரு சொட்டு சேருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்கல் வேறு. ஈரக் காற்றில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் பால் போல வெளுத்துப்போகும். மழை விட்ட நாளில், வெயில் ஏறியபின் அடியுங்கள்.

வட்டமும் எண்களும்

இந்திய விமானப்படை வட்டத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. வீட்டு பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. தெளிவான தாளில் அச்சிட்டால் வெள்ளை வளையத்தில் கீழிருக்கும் பச்சை தெரியும், காவியும் செத்துவிடும். ஆகவே வட்டத்தையும் வால் கொடியையும் வெள்ளைத் தாளில் அச்சிட்டு, விளிம்பை ஒட்டி வெட்டுங்கள். இறக்கைக்கு 12 மி.மீ., உடலுக்கு 8 மி.மீ. போதும். கறுப்பு எண்களுக்குத் தெளிவான தாள். நம் படையின் இன்னொரு போர் விமானமான ஹண்டருக்கு ‘பிஏ’, மிக்-21-க்கு ‘சி’ என்று எண்ணுக்கு முன் எழுத்து இருந்தது. அவற்றை விட்டு வேறு எழுத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இன்க்ஜெட் அச்சானால் மேலே மூன்று மெல்லிய தெளிவு கோட் அடிக்காமல் தண்ணீரில் போடாதீர்கள், மை கரைந்து ஓடும். இன்க்ஜெட் தாளை ஜெராக்ஸ் கடை லேசர் இயந்திரத்தில் கொடுக்கவும் கூடாது, படலம் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

டெக்காலுக்கு முன் பளபள வார்னிஷ் பூசி ஒரு நாள் காய விடுங்கள். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும். ஊறவைக்கக் கேன் தண்ணீர்; போர்வெல் தண்ணீர் உப்புக்கறை விடும்.

கடைசியாக

பெட்டியில் அமெரிக்க சைட்விண்டர் ஏவுகணை இருந்தால் தயங்காமல் மாட்டுங்கள். மிக்-21-ல் மாட்டிய சோவியத் கே-13 ஏவுகணை அதைப் பார்த்துச் செய்ததுதான், யாரும் குறை சொல்ல முடியாது. மேட் வார்னிஷ் பூசி, காய்ந்தபின் கண்ணாடியின் மூடுடேப்பை உரியுங்கள். மூக்கு நுனியில் நீட்டியிருக்கும், வேகம் அளக்கும் பிட்டோ குழாயை எல்லாம் முடிந்த பிறகே ஒட்டுங்கள். பிளாஸ்டிக் குழாய் உடைந்தால் அதே நீளத்துக்கு ஒரு தையல் ஊசியை வெட்டி, மூக்கில் ஊசி தடிமனுக்குத் துளையிட்டுச் செருகினால் சரியாகிவிடும்.