மூன்று குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர் தேதியையும் ஸ்கேலையும் கட்டி மேய்ப்பது எப்படி

இரண்டு மெல்லிசைக் குழு, ஞாயிறு காலை சர்ச், நடுவில் நண்பர்களோடு ஒரு பேண்ட். தமிழ்நாட்டில் கீபோர்டு வாசித்துப் பிழைக்கிறவர்கள் பலருடைய வாரம் இப்படித்தான் ஓடுகிறது. பல இடத்தில் வாசிப்பதை எந்தக் குழுத் தலைவரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. "இவன் வருவானா, மாட்டானா" என்று அவரை யோசிக்க வைப்பதுதான் குற்றம். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த யோசனை அவருக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் வழிகள்.

முதல் வேலை, காலண்டர்

புது வருஷக் காலண்டர் கைக்கு வந்த அன்றே முகூர்த்த நாட்களைப் பாருங்கள். ஆனால் வட்டம் போடவேண்டியது அதற்கு முந்தின நாளில். நம் பக்கம் ரிசப்ஷன் பெரும்பாலும் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நடக்கிறது. ஞாயிறு முகூர்த்தம் என்றால் கச்சேரி சனிக்கிழமை மாலை. புதிதாக வருகிறவர்கள் ஞாயிறைக் காலியாக வைத்துக்கொண்டு சனிக்கிழமையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான். வளர்பிறை முகூர்த்தமும் ஞாயிறும் சேர்ந்து வந்தால், அந்தச் சனிக்கிழமைக்கு எல்லாக் குழுவிலிருந்தும் போன் வரும் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. அதனால் அவை ஓய்வு மாதங்கள் என்று நினைக்கவேண்டாம். ஆடியில் அம்மன் கோயில் கச்சேரிகள் வரிசையாக வரும். சர்ச்சில் வாசிக்கிறவருக்கு மார்கழிதான் உச்சம். டிசம்பர் 31 இரவு இரண்டு பக்கமும் இழுக்கும்: சர்ச்சில் நள்ளிரவு ஆராதனை, ஹோட்டலில் நியூ இயர் ஷோ. அக்டோபருக்குள் ஒன்றை முடிவு செய்து, மற்றவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். டிசம்பர் 20க்கு மேல் சொன்னால் அவருக்கு வேறு ஆள் கிடைக்காது.

தேதிகள் இருக்கவேண்டியது ஒரே ஒரு இடத்தில். போன் காலண்டரோ, பாக்கெட் டைரியோ, ஏதாவது ஒன்று. ஐந்து வாட்ஸ்அப் குரூப்பில் "ஓகே" போட்டுவிட்டு நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தால், மூன்றாவது மாதம் இரண்டு "ஓகே" ஒரே நாளில் மோதும்.

பென்சிலும் பேனாவும்

விசாரணைக்குப் பென்சில், உறுதியான புக்கிங்குக்குப் பேனா. போனில் என்றால் இரண்டு நிறம். பேச்சு இப்படிப் போகும்:

"தம்பி, வர்ற 11 சனிக்கிழமை ஃப்ரீயா?"

"ஃப்ரீதான்ணே. இப்போதைக்கு உங்களுக்குன்னு பென்சில்ல போட்டுக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குள்ள பார்ட்டி அட்வான்ஸ் குடுத்துட்டா ஒரு போன் போடுங்க, பேனாவுல மாத்திடுறேன்."

கெடு சொல்லாத பென்சில் ஆபத்து. அந்தத் தேதி உங்களுக்கும் உதவாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது. மூன்று நாள் கெடு நியாயமானது. அதற்குள் இன்னொரு குழு அதே நாளைக் கேட்டால், "ஏற்கெனவே ஒருத்தருக்குச் சொல்லியிருக்கேன் சார், செவ்வாய் ராத்திரி உறுதியா சொல்றேன்" என்றால் போதும். அந்த ஒருத்தர் யார் என்று சொல்லக்கூடாது. முதலில் கேட்டவரிடமும் ஒரு வார்த்தை: "இன்னொரு கேள்வி வந்திருக்குண்ணே, கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் குடுங்க."

பேனாவில் எழுதியது எழுதியதுதான். இரண்டு மடங்கு சம்பளம் வந்தாலும் மாற்றக்கூடாது. டிரம்மரும் பேஸ் கிட்டார்காரரும் சவுண்டு ஆட்களும் எல்லாக் குழுவுக்கும் பொதுவானவர்கள். நீங்கள் எங்கே போனீர்கள் என்பது அன்று ராத்திரியே தெரிந்துவிடும்.

"வர்றேன்" என்று சொல்வதற்கு முன் கேட்கவேண்டியவை: மண்டபம் எது, சவுண்டு செக் எத்தனை மணிக்கு, மேடை எத்தனை மணிக்கு, முடிவது எப்போது, வேனா சொந்தச் செலவா, கீபோர்டு யாருடையது, ரிகர்சல் உண்டா, சம்பளமும் பேட்டாவும் எவ்வளவு, கையில் எப்போது. பேசி முடித்ததும் இதையெல்லாம் மூன்று வரியில் அவருக்கே மெசேஜ் அனுப்புங்கள். "சரிதானேண்ணே?" என்ற கேள்வியோடு முடியுங்கள். பின்னால் வரும் தகராறில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரே நாளில் இரண்டு

ரிசப்ஷன் ஆறரைக்கு என்றால் சவுண்டு செக் நாலரை, நீங்கள் மேடையில் இருக்கவேண்டியது நாலு மணி. ஆகவே காலை சர்ச், மாலை ரிசப்ஷன் என்பது ஒரே ஊருக்குள் தாராளமாக நடக்கும். மாலையில் இரண்டு நிகழ்ச்சி நடக்கவே நடக்காது, மண்டபங்கள் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் சரி. முதல் இடத்தில் மணமக்கள் மேடையேற ஒரு மணி நேரம் தாமதமானால் உங்கள் கணக்கு அதோடு முடிந்தது.

நேரம் கணக்குப் போட ஒரு வழி: அதே கிழமை, அதே நேரத்துக்கு மேப் காட்டும் பயண நேரம், அதில் பாதி கூடுதலாக, அதற்கு மேல் கழற்றி மாட்ட ஒரு மணி நேரம். மேப் 1 மணி 20 நிமிடம் என்றால் உங்களுக்கு வேண்டியது 3 மணி நேரம்.

கோயில் கச்சேரியில் இன்னொரு சங்கதி உண்டு. ஒலிபெருக்கி விதி இரவு 10 முதல் காலை 6 வரை தடை சொல்கிறது. ஆனால் பண்டிகை, கலாச்சார நிகழ்ச்சிகளுக்கு வருஷத்தில் 15 நாள் வரை நள்ளிரவு 12 வரைக்கும் தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. எனவே "பத்து மணிக்கு முடிஞ்சிடும்" என்று நீங்களாக முடிவு செய்யாமல், அனுமதி எத்தனை மணி வரை என்று விழாக் கமிட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். மதுரையில் 12 மணிக்கு முடிந்தால் பெட்டி கட்டி வேன் கிளம்ப முக்கால் மணி நேரம். சென்னை சுமார் 460 கிலோமீட்டர். காலை 8 மணி ஆராதனைக்குத் தூக்கக் கலக்கத்தோடு ஓடினாலும் பிடிக்க முடியாது. அந்த ஞாயிறுக்கு மாற்று ஆளை முந்தின வாரமே ஏற்பாடு செய்துவிடவேண்டும்.

ஒரே பாட்டு, மூன்று ஸ்கேல்

தேதியைச் சமாளித்துவிடலாம். பல குழுவில் வாசிக்கிறவர் உண்மையில் தடுக்கி விழுவது இங்கேதான். எல்லாக் குழுவும் ஏறக்குறைய அதே நூறு பாட்டைத்தான் வாசிக்கும். ஆனால் பாடுகிறவர் வேறு, ஸ்கேல் (பாட்டின் சுருதி) வேறு, பிஜிஎம்மை (பாட்டின் நடுவே வரும் வாத்திய இசையை) வெட்டும் இடம் வேறு, முடிக்கிற விதம் வேறு. விரலுக்குப் பாட்டு தெரியும், எந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

குழுவுக்கு ஒரு நோட்டு, தனித்தனி அட்டை நிறத்தில். பாட்டுக்கு ஒரே வரி. அது இப்படி இருக்கவேண்டும்:

ஒரிஜினல் டி / இங்கே சி / டிரான்ஸ்போஸ் −2 / டெம்போ 104 / டிரம்மர் நாலு கவுன்ட் / 2ஆவது பிஜிஎம் பாதியில் வெட்டு / பல்லவி இரண்டு தடவை, “கட்” கொடுத்து முடிவு

டிரான்ஸ்போஸ் என்பது, விரல் பழகிய இடத்திலேயே வாசிக்க, ஒலியை மட்டும் ஏற்றி இறக்கும் பட்டன். −2 என்றால் இரண்டு அரைச்சுரம் கீழே. வரியின் கடைசி இரண்டு விஷயத்தைத்தான் பலர் எழுதுவதில்லை. மேடையில் தப்பு வெளியே தெரிவதும் அந்த இரண்டில்தான். எல்லோரும் நிறுத்திய பிறகு ஒரு கை மட்டும் ஸ்ட்ரிங்ஸ் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஸ்கேலைச் சொல்கிற மொழியும் இடத்துக்கு இடம் மாறும். கர்நாடக சங்கீதப் பழக்கம் உள்ள பாடகர் கட்டையில் சொல்வார்: 1 சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் ஷார்ப்: ஒன்றரை என்றால் சி ஷார்ப், ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். சர்ச்சில் கார்டு பெயர்தான் பேசும். மைனர் பாட்டில் கூடுதல் கவனம் வேண்டும். ஏ மைனர் பாட்டை, வெள்ளைக் கட்டைகள்தானே என்று ஒருவர் "சி ஸ்கேல்" என்பார். கட்டையில் பேசுகிறவருக்கு அதே பாட்டு ஷட்ஜம் (ஸ) ஏ-யில் இருப்பதால் ஆறு கட்டை. இரண்டு பேரும் சொல்வது ஒரே சுருதிதான். சந்தேகம் வந்தால் பெயரை விட்டுவிட்டு, பல்லவியின் முதல் வரியை அவரைப் பாடச் சொல்லி, அது கட்டையில் எங்கே விழுகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்போஸ் பட்டனால் வரும் விபத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். −2 வைத்து ஒரு பாட்டை முடிக்கிறீர்கள். அடுத்த பாட்டு ஈ-யில். பட்டனை மறந்துவிட்டீர்கள். நீங்கள் ஈ வாசிக்க, வெளியே டி வருகிறது. பாடகர் உங்கள் ப்ரிலூடிலிருந்து (பாட்டுக்கு முந்தின வாத்திய இசையிலிருந்து) சுருதி எடுக்கிறார், கிட்டாரும் பேஸும் ஈ-யில் நுழைகிறார்கள். அந்த நொடியில் பதறிப் பட்டனைத் தட்டாதீர்கள். சுருதி பாடகரின் காதுக்குள் குதிக்கும். கையை எடுங்கள். பேஸும் கிட்டாரும் இரண்டு வரி தாங்குவார்கள், பாடகர் அவர்களோடு சேர்ந்துவிடுவார். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அடுத்த வரியின் தொடக்கத்தில் நுழையுங்கள்.

இது வராமல் தடுக்க, டிரான்ஸ்போஸைப் பாட்டோடு சேர்த்து ரெஜிஸ்ட்ரேஷனில் (கீபோர்டின் செட்டிங்குகளைச் சேமிக்கும் நினைவகத்தில்) சேமித்துவிடுங்கள். பூஜ்யம் என்றால் பூஜ்யத்தையும் சேமிக்கவேண்டும். இல்லாவிட்டால் முந்தின பாட்டின் எண் அப்படியே நிற்கும். குழுவுக்கு ஒரு பேங்க் (அந்தச் சேமிப்புகளின் தொகுப்பு), பெயரின் முதல் எழுத்தில் குழுவின் அடையாளம். இரண்டு பென் டிரைவில் நகல். ஒன்று பையில், ஒன்று வீட்டில்.

கேட்டுப் பழகுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். நிகழ்ச்சிக்கு முந்தின இரவு நாளைய குழுவின் ரிகர்சல் ரெக்கார்டிங்கை மட்டும் கேளுங்கள். மற்றக் குழு வாசித்ததையோ, ஒரிஜினலையோ அன்று தொடவேண்டாம். ரிகர்சலுக்குப் போக முடியாத வாரம் என்றால், யாரையாவது போனில் முழுதாக ரெக்கார்டு செய்யச் சொல்லி வாங்கிவிடுங்கள். ஒரு குழு உழைத்து உருவாக்கிய ப்ரிலூடை இன்னொரு மேடையில் எடுத்து வாசிக்காதீர்கள். அது அவர்களுடைய சொத்து.

பையும் கரண்ட்டும்

குழுவுக்குக் குழு பையைப் பிரித்து அடுக்கினால் ஏதாவது ஒன்று வீட்டில் தங்கிவிடும். ஒரே பை, எப்போதும் நிரம்பியபடி: 6 மீட்டர் ஜாக் கேபிள் இரண்டு, உதிரி ஒன்று, டிஐ பாக்ஸ் (கீபோர்டைச் சவுண்டு மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி), சஸ்டெயின் பெடல், 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன், பெயர் ஒட்டிய அடாப்டர், டார்ச், துணி. பெடலைக் காலால் மிதித்தபடி கீபோர்டை ஆன் செய்யாதீர்கள். பல மாடல்கள் ஆன் ஆகும் நேரத்தில்தான் பெடலின் திசையைக் கண்டுகொள்கின்றன. மிதித்திருந்தால் தலைகீழாக எடுத்துக்கொள்ளும், எடுத்த நேரமெல்லாம் ஒலி நீண்டுகொண்டே இருக்கும். அப்படி ஆகிவிட்டால் காலை எடுத்து, ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகும்.

திருவிழா ஜெனரேட்டரில் சீரியல் லைட்டு ஓடும் லைனிலிருந்து கரண்ட் எடுக்கவேண்டாம். சின்ன யூபிஎஸ் ஒன்று கூடவே இருந்தால், வோல்டேஜ் விழும்போது கீபோர்டு ரீபூட் ஆகிப் பாட்டின் நடுவே நிற்காது.

காதையும் இதில் சேர்க்கவேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பாதுகாப்பு எல்லை. 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். வாரம் ஒரு மேடை ஏறுகிறவரைவிட நாலு மேடை ஏறுகிறவருக்குச் சீக்கிரம் சேதம் வரும். இசைக்கலைஞர்களுக்கான இயர் பிளக் போடுங்கள், சிம்பலுக்கு நேராக உட்காராதீர்கள்.

உங்களுக்குப் பதில் ஒருவர்

மாற்று ஆள் இரண்டு பேராவது வேண்டும், அவசரம் வருவதற்கு முன்பே. குழுத் தலைவருக்கு அறிமுகப்படுத்தி, ஒரு ரிகர்சலில் உட்கார வைத்து, நோட்டின் நகலையும் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபைலையும் கொடுத்து வைக்கவேண்டும். உடம்பு முடியாத நாளில் முதல் போன் தலைவருக்கு. மெசேஜ் போதாது. "அண்ணே, காய்ச்சல், எழுந்திருக்க முடியல. நம்ம தம்பியை அனுப்பட்டுமா? லிஸ்ட் அவன்கிட்ட இருக்கு." அவர் சரி சொன்ன பிறகே மாற்று ஆளைக் கிளப்புங்கள். அன்றைய சம்பளமும் பேட்டாவும் முழுதாக, நேராக மாற்று ஆள் கைக்குப் போகவேண்டும். நடுவில் கமிஷன் எடுத்தால் அடுத்த முறை அவர் வரமாட்டார்.

மேடைக்குக் கீழே யாராவது வந்து, "சார், எங்க வீட்டு ஃபங்ஷனுக்கு வாசிப்பீங்களா, நம்பர் குடுங்க" என்று கேட்டால், அன்றைக்கு எந்தக் குழுவோடு போனீர்களோ அந்தத் தலைவரின் நம்பரைக் கொடுங்கள். ஒரு குழுவின் சம்பளத்தை இன்னொரு குழுவில் பேசாதீர்கள். பணக் கணக்குக்குத் தேதி, குழு, பேசியது, வாங்கியது, பாக்கி என்று ஐந்து கட்டம் போதும். 15 நாள் தாண்டிய பாக்கியை மட்டும் போனில் நினைவூட்டுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு வேனில் ஏறும் நேரத்தில் பழைய பாக்கியைக் கிளப்பினால் இருவருக்கும் அன்றைய கச்சேரி கெட்டுப்போகும்.

ஒரு குழுவை விட்டே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், பேனாவில் எழுதிய தேதிகளை எல்லாம் முடித்துக்கொடுத்து, கல்யாண சீசன் ஓய்ந்த ஆடியில் தலைவரிடம் சொல்லுங்கள். ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் அவர் வேறு ஆளைப் பழக்கிக்கொள்வார். கிளம்பும்போது அந்தக் குழுவின் நோட்டையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.