கோணம் மாறலாம், ஆட்டம் கூடாது: முழங்கால் அறுவைக்கான வெட்டு வழிகாட்டி செய்முறை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் எலும்பை வெட்டும் ரம்பத்துக்கு இடமும் கோணமும் காட்டுவது ஒரு சிறிய உலோகக் கட்டை. அதிலுள்ள பிளவுக்குள் ரம்பத்தின் அலகு ஓடும். தொடை எலும்பின் கீழ்முனையை வெட்ட உதவும் அந்தக் கட்டையை, கோணம் மாற்றக்கூடியதாக வடிவமைக்கும் முறையை இங்கே பார்ப்போம். சிஏடி (கணினிவழி வடிவமைப்பு) மென்பொருளில் அடிப்படைப் பழக்கம் இருந்தால் போதும்.

1. எது மாற வேண்டும்?

தொடை எலும்புத் தண்டின் நடுக்கோடும், இடுப்பு மூட்டு மையத்திலிருந்து முழங்கால் மையத்துக்கு வரும் கோடும் பெரும்பாலோரிடம் 5 முதல் 7 டிகிரி விலகியிருக்கும். இது வால்கஸ் கோணம். முழுக்கால் எக்ஸ்ரேயில் இதை அளந்து மருத்துவர் முடிவு செய்வார். 3 முதல் 9 டிகிரி வரை, ஒவ்வொரு டிகிரியாக நகரும்படி அமையுங்கள். வெட்டும் ஆழம் பல செயற்கை மூட்டுகளில் 9 மி.மீ. அளவில் இருக்கும், தேவைப்பட்டால் இன்னும் 2 மி.மீ. வெட்ட வழி வேண்டும். இவை இரண்டு மட்டும் மாறட்டும். நகரும் இணைப்பு ஒவ்வொன்றும் கொஞ்சம் ஆட்டத்தை, அதாவது தளர்வால் வரும் அசைவை, கொண்டுவரும்.

2. அறுவை அரங்கின் வரிசை

கணினியைத் திறக்கும் முன் இதைத் தாளில் எழுதுங்கள். எலும்பின் உட்குழலில் கம்பி இறங்கும், கம்பியில் கோர்த்த தட்டு எலும்பு முனையைத் தொடும், தட்டோடு சேர்ந்த கட்டையை எலும்பின் முன்பக்கத்தில் எஃகு முளைகளால் பொருத்துவார்கள், கம்பியும் தட்டும் வெளியே வரும், கட்டை மட்டும் நிற்கும், வெட்டு நடக்கும். ஆகவே தட்டும் கட்டையும் எளிதில் பிரிய வேண்டும். முளைத் துளைகளை இணையாக, 2 மி.மீ. இடைவெளியில் இன்னொரு வரிசையோடு வையுங்கள். அடித்த முளைகளைப் பிடுங்காமலே கட்டையை உருவி, அடுத்த வரிசைத் துளைகளில் ஏற்றிவிடலாம். சாய்வாக ஒரு துளையும் வேண்டும். அதில் ஏறும் முளைதான் கட்டையை நழுவாமல் பிடிக்கும்.

3. ஆட்டத்தைக் கணக்கிடுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். எலும்பு முனையின் அகலம் சுமார் 80 மி.மீ. என்றால், 1 டிகிரி பிழை ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் இடையே 1.4 மி.மீ. வித்தியாசம் தரும். கம்பிக்கும் அது நுழையும் துளைக்கும் இடைவெளி 0.1 மி.மீ., துளையின் நீளம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்: தட்டு 0.29 டிகிரி வரை சாயும். நீளத்தை 40 ஆக்கினால் சாய்வு பாதியாகும். இடைவெளியை நுணுக்கிக் குறைப்பதைவிட நீளத்தைக் கூட்டுவது பட்டறையில் மலிவு.

ரம்பப் பிளவிலும் இதே கணக்குதான். 1.27 மி.மீ. தடிமனுள்ள அலகு, 1.5 மி.மீ. பிளவில், 20 மி.மீ. ஆழத்துக்கு ஓடினால் முன்பின்னாக 0.66 டிகிரி வரை சாயலாம். பிளவை 1.4 ஆக்கினால் 0.37.

4. பூட்டு

கோணத்தைத் தேர்வதும் பூட்டுவதும் தனித்தனி வேலைகள். பள்ளத்தில் விழும் ஸ்பிரிங் குண்டு விரலுக்கு அடையாளம் காட்டும். சுத்தியல் அடியை அது தாங்காது. திருகு ஒன்று தனியாக இறுக்கட்டும். ஈரக் கையுறையோடு திருகக் கூடிய பெரிய தலை வேண்டும். எவ்வளவு தளர்த்தினாலும் திருகு கழன்று விழக் கூடாது. விழுந்தால் அது திறந்த காயத்துக்குள் விழும்.

இடது, வலது எழுத்துகளை ஆழமாகப் பொறியுங்கள். 6 டிகிரி தவறான பக்கம் திரும்பினால் பிழை 12 டிகிரி.

5. உலோகமும் கழுவுதலும்

17-4 பிஹெச் துருப்பிடிக்காத எஃகு வழக்கமான தேர்வு; கடினப்படுத்தினால் பிளவு விரைவில் தேயாது. அடிமூடிய துளைகளில் இரத்தம் தங்கும் என்பதால் எல்லாவற்றையும் ஊடுதுளையாக்குங்கள். பிரஷ் நுழையாத இடுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

6. மாதிரியும் சோதனையும்

முதல் மாதிரியை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிடலாம். சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே அது இளகிவிடும், கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவோ 134 டிகிரிக்குப் போகும்; எனவே அது பிளாஸ்டிக் எலும்பு மாதிரியில் பழகுவதற்கு மட்டும். நோயாளிக்குப் போகும் கருவிக்கு மருத்துவச் சாதனங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14971 முறைப்படி ஆபத்து ஆய்வும், இந்தியாவில் மருத்துவச் சாதன விதிகள் 2017-இன்படி அனுமதியும் தேவை.

உலோக மாதிரி வந்ததும் 6 டிகிரியில் பூட்டுங்கள், முளைகளை அடியுங்கள், ரம்பத்தை ஓட்டுங்கள், பிறகு வெட்டிய பரப்பின் கோணத்தை அளந்து பாருங்கள். கோணம் நகர்ந்திருந்தால் முதலில் பூட்டைப் பாருங்கள், அடுத்து கம்பித் துளையின் நீளத்தை.