மனவடு உள்ளவர்களுக்கு உணவு ஆலோசனை: நாம் செய்யும் தவறுகள்

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் இரத்தச் சர்க்கரை, கொழுப்பு அளவுகள் உள்ள பரிசோதனைச் சீட்டைக் கையோடு கொண்டுவருகிறார்கள். பட்டினி கிடந்த மாதங்களோ, அடி வாங்கிக்கொண்டே சாப்பிட்ட சிறுவயதோ, உறவினரைக் கடலுக்குப் பறிகொடுத்த நாளோ, அவை மனதில் விட்டுச்சென்ற ஆறாத வடுவோ அந்தச் சீட்டில் இருப்பதில்லை. ஆனாலும் உணவு ஆலோசகர்களாகிய நாம் எழுதிக்கொடுக்கும் உணவுச் சார்ட்டை அவர் பின்பற்றுவாரா, மறுமுறை வருவாரா என்பதைப் பல நேரங்களில் அவையே தீர்மானிக்கின்றன.

முதல் தவறு நாம் வாய் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எடை பார்க்கும் இயந்திரம் பெரும்பாலும் காத்திருப்போர் வரிசையை ஒட்டியே இருக்கிறது. பெயரைக் கூப்பிட்டு, ஏறி நிற்கச் சொல்லி, "எண்பத்து நாலு" என்று ஒருவர் உரக்கச் சொல்ல, மேசையில் இருப்பவர் எழுதிக்கொள்கிறார். உடலைக் குறித்த கேலியையோ அத்துமீறலையோ அனுபவித்த ஒரு பெண்ணுக்கு ஆலோசனை அங்கேயே முடிந்துவிடுகிறது. பிறகு அறைக்குள் அவர் எல்லாவற்றுக்கும் "சரி" என்று தலையாட்டுவார், அவ்வளவுதான். இயந்திரத்தை அறைக்குள் வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. எடை பார்க்கலாமா என்றும், எண்ணைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்றும் கேட்டு, வேண்டாமென்றால் திரையைப் பாராமல் திரும்பி நிற்கச் சொல்லலாம். இடுப்பளவு தேவையென்றால் நாடாவை அவர் கையிலேயே கொடுத்துச் சுற்றச் சொல்லி, எண்ணை மட்டும் நாம் படித்துக்கொள்ளலாம்.

அடுத்து, நேற்று முழுவதும் என்ன சாப்பிட்டார் என்று கேட்பது. அவசியமான கேள்விதான், ஆனால் நம் வாயில் அது குறுக்கு விசாரணை ஆகிவிடுகிறது. குறிப்பாக "ஏன்" என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. தமிழில் "ஏன் சாப்பிட்டீங்க?" என்பது காரணம் கேட்பதாக ஒலிப்பதில்லை, குற்றம் சாட்டுவதாகவே ஒலிக்கிறது. கேட்கப்பட்டவர் ஆறு இட்லியை மூன்றாக்கிச் சொல்வார், நாமும் அந்த மூன்றை நம்பி அளவு எழுதுவோம். "அந்த நேரத்தில் பசி இருந்ததா, இல்லை வேறு ஏதாவது மனதில் ஓடிக்கொண்டிருந்ததா?" என்று கேட்டால் பதில் வேறாக வருகிறது.

எனினும் மிகப் பெரிய தவறு, மிகையாக உண்பதையும் உணவைப் பதுக்குவதையும் ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பது. 1980களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் உடற்பருமன் சிகிச்சைத் திட்டம் ஒன்றை நடத்திய மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைக் கண்டு குழம்பினார். அவர்களிடம் விரிவாகப் பேசியபோது, பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்பதும், பருத்த உடல் பிறர் பார்வையிலிருந்து தங்களைக் காப்பதாகச் சிலர் உணர்ந்ததும் வெளிப்பட்டன. நாம் நோய் என்று கண்டது அவர்களுக்குக் கவசமாக இருந்திருக்கிறது. குழந்தைப்பருவத் துன்பங்களையும் பிற்கால நோய்களையும் இணைத்து 1998இல் வெளியான ஆய்வு இந்தக் குழப்பத்திலிருந்து பிறந்ததே. எடை குறைந்து வருகிறவரைப் பார்த்து, "இப்பத்தான் பார்க்க அழகா இருக்கீங்க" என்று நாம் மகிழ்ந்து சொல்வதுகூட அவரை அச்சுறுத்தக்கூடும்.

பட்டினிக்கும் இதே கதைதான். 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைவில்லாமல் போனது. தட்டை நக்கினார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். உணவு திரும்பக் கிடைத்த பிறகும் சிலருக்கு வயிறு நிறைந்த உணர்வு வர நெடுநாள் ஆயிற்று. முடியும் நாள் தெரிந்த பட்டினிக்கே இந்த நிலை. முகாமிலோ முற்றுகையிலோ வளர்ந்த ஒருவர் தலையணைக்கு அடியில் பிஸ்கட் பாக்கெட் வைத்துக்கொண்டால், அதைத் தூக்கிப்போடச் சொல்வதைவிட, எந்நேரமும் கையில் வைத்துக்கொள்ளத் தக்க வறுத்த கடலையைச் சார்ட்டிலேயே சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

"நல்ல உணவு" எல்லோருக்கும் நல்ல உணவாகவே இருக்கும் என்று கருதுவதும் பிழை. காய்ச்சலா, வயிறு சரியில்லையா, கஞ்சி குடியுங்கள் என்பது நம் நாவில் தானாக வரும் அறிவுரை. 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் நீருமான கஞ்சியைக் கொண்டே மக்கள் உயிர் பிழைத்தார்கள்; இன்றும் மே மாதத்தில் அதை நினைவுகூர்ந்து கஞ்சி வழங்குகிறார்கள். அங்கிருந்து வந்த ஒருவருக்கு அது புனிதமாக இருக்கலாம், தொண்டையில் இறங்காததாகவும் இருக்கலாம்; எது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோரங்களில் பலர் மீனைத் தொடவில்லை. புரதத்துக்கு மீனை எழுதும் முன், "இதில் உங்களுக்கு வேண்டாதது ஏதாவது உண்டா?" என்று கேட்டு, காரணம் கேளாமல் அதைச் சார்ட்டிலிருந்து நீக்கிவிட்டு, முட்டையையோ பருப்பையோ எழுதிவிடலாம்.

காரணம் கேளாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மனவடுவைக் கருத்தில் கொள்வது என்றால் அதைத் தோண்டி எடுப்பது என்று புதிதாகப் பயிற்சி பெற்றவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஆலோசனைக்கு வந்தவர் தாமாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேட்கலாம்; சொல்ல வைக்க முயலக் கூடாது. கூட வந்த மாமியாரோ கணவரோ அவருக்குப் பதிலாகப் பேசிக்கொண்டிருந்தால், சிறிது நேரமாவது அவரிடம் தனியாகப் பேச வழி செய்துகொள்ள வேண்டும்.

கனிவு மட்டும் போதாத இடமும் உண்டு. பல நாள் சரியாக உண்ணாமல் மெலிந்து வந்தவருக்கு இரக்கப்பட்டு, உடனே நிறையச் சாப்பிடச் சொன்னால், இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் அளவுகள் திடீரெனச் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். அவருக்கு மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும். உண்டதை வேண்டுமென்றே வாந்தியெடுப்பவரையும், உயிர் வாழ விருப்பமில்லை என்பவரையும் தாமதமின்றி மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும்போது, நம்மிடம் அவர் திரும்ப வரவேண்டிய தேதியையும் அதே சீட்டில் எழுதிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தம்மைக் கைகழுவிவிட்டோம் என்றே அவர் எடுத்துக்கொள்வார்.